பழைய மரச் சுரூபங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மனியில் வாங்கிய புனிதர் சுரூபத்தின் முதுகு குடைந்து கிடக்கிறது. பழுதான பொருளா?

பதில்: இல்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தென் ஜெர்மனியில் பீடச் சுரூபங்களைப் பெரும்பாலும் லிண்டன் என்ற மென்மையான மரத்தில்தான் செதுக்கினார்கள். முழுக்கட்டையாக விட்டால் காயும்போது பிளந்துவிடும். அதனால் பின்பக்கத்திலிருந்து நடுமரத்தைக் குடைந்து எடுத்தார்கள். பின்னாளைய நகல்களிலும் இப்படிக் குடைவு உண்டு. இதை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: தொடையில் புண், காலடியில் நாய். இவர் யார்?

பதில்: ஆரோக்கியநாதர், அதாவது புனித ரோக். கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் தேடி ஓடியவர்.

கேள்வி: பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்திருக்கிறது. சுரண்டிவிட்டு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த வண்ணம் பாதிச் சிற்பம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் செதுக்குவது ஒருவர், வண்ணம் பூசுவது இன்னொருவர். மார்த்தினெஸ் மொன்தான்யெஸ் செதுக்கிய சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டிய பச்செகோ, ஓவியர் வெலாஸ்கெஸின் மாமனார். உடைப் பகுதியில் தங்கத் தகடு ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, வண்ணத்தைக் கோடு கோடாகக் கீறித் தங்கம் தெரிய வைப்பார்கள். நீங்கள் சுரண்டினால் போவது இந்த வேலைதான்.

வண்ணமே பூசாமல் விட்டவர்களும் உண்டு. ஜெர்மன் சிற்பி ரீமன்ஷ்னைடர் மியூனர்ஷ்டாட் என்ற ஊருக்காக 1492இல் முடித்த பீடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, 1504 வாக்கில், ஃபைட் ஷ்டோஸ் என்ற இன்னொரு பெரிய சிற்பியை வைத்து அதற்கு வண்ணம் பூசினார்கள். அந்தக் கால மக்களுக்கு வண்ணம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? 19ஆம் நூற்றாண்டில் 'வெறும் மரமே அழகு' என்று எத்தனையோ சுரூபங்களை உரித்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

கேள்வி: ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. வண்ணத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சு, சுண்ணப்பொடியோ ஜிப்சமோ விலங்குப் பசையில் குழைத்தது. தண்ணீர் பட்டால் இளகும். வண்ணம் உறுதியாகப் பிடித்திருக்கும் இடங்களில் மட்டும் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள்.

கேள்வி: சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. பூச்சி இன்னும் உள்ளே இருக்குமா?

பதில்: சுரூபத்தைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்துச் சில வாரம் கவனியுங்கள். வெளிர் நிறத் தூள் புதிதாக விழுந்தால் இருக்கிறது என்று கொள்ளலாம். மண்ணெண்ணெய் எல்லாம் ஊற்றாதீர்கள், வண்ணம் கெடும். பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்தால் காற்றுப்புகாத உறையில் நைட்ரஜன் நிரப்பி, ஆக்சிஜன் இல்லாமல் பூச்சியைச் சாகடிப்பார்கள். அதுவரை மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.