சேலம் ஓட்டல்களில் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டு வந்ததும் ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து அதன் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தொங்காமல் நேராக நின்றால் நல்ல சரக்கு, நன்றாகவும் வறுத்திருக்கிறார்கள். சூட்டில் எல்லாமே மொறுமொறுவென்றுதான் இருக்கும், அதை நம்பக் கூடாது.

போன மாதம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் உணவகத்துக்கு மகளோடு போயிருந்தேன். "ஏம்ப்பா நுனியெல்லாம் கறுப்பா இருக்கு?" என்று கேட்டாள். வாயில் போட்டால் முதலில் லேசான இனிப்பு, பிறகு கசப்பு. நன்றாக முறுக வறுத்ததுதான் காரணம் என்றார் பரிமாறியவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்திருந்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் சீக்கிரம் கறுத்துக் கசக்கிறது.

மாவுச்சத்தைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குப் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? ஃப்ரைஸுக்கும் அதே கணக்குதான். கிழங்கில் தண்ணீர் போக மீதிச் சத்து 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். குஃப்ரி சிப்சோனா, குஃப்ரி ஃப்ரைசோனா போன்ற ரகங்களை வறுவலுக்கென்றே உருவாக்கியிருக்கிறார்கள். குழம்புக்கு வாங்கும் கிழங்கை வெட்டிப் போட்டால் பெரும்பாலும் துவண்டுதான் போகும்.

உறைய வைத்த பாக்கெட் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். முதல் வறுவல் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். கடையில் அதை இளக விடாமல், 180 டிகிரி அளவில் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தால் அருமையாக வரும். கூட்ட நேரத்தில் கூடை நிறையக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, துண்டுகள் எண்ணெயைக் குடித்துவிடும். டிஷ்யூவில் ஒன்றை அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைந்து உருவாகும் போலார் சேர்மங்கள் எனும் கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து அதை அளக்க முடியாது. ஆனால் ஃப்ரைஸில் மீன் வாசனை வந்தாலோ, விழுங்கும்போது தொண்டை கரகரத்தாலோ நான் அப்படியே வைத்துவிடுவேன். பெரி பெரி மசாலா இதையெல்லாம் மறைத்துவிடும் என்பதால் மசாலாவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். உப்பு மட்டும் எண்ணெயிலிருந்து எடுத்த உடனே தூவியிருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டும்.

அப்புறம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். நான் ஓரமாக வைத்திருந்த துண்டு ஆறிய பிறகும் வளையவில்லை. மகள் அதையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டு கேட்டாள்.