‘தொட்டனைத் தூறும்’ குறளில் வருவது தொடுவதா, தோண்டுவதா?

தோண்டுவதுதான். கேட்டதற்குப் பதில் அவ்வளவே. நீங்களும் யாரிடமோ வாதாடிவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இதே குறளால் மேடையில் பட்ட பாடு ஒன்று உண்டு.

‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு’ என்பது 396ஆம் குறள். தொடு என்பதற்குப் பழந்தமிழில் தோண்டு என்றும் பொருள் உண்டு. நடு, நட்டான் என்பதுபோலத் தொடு, தொட்டான். தொட்ட, அனைத்து என்று பிரித்தால் ‘தோண்டிய அளவு’. பரிமேலழகரும் ‘தோண்டிய அளவிற்றாக ஊறும்’ என்றே உரை எழுதுகிறார். பட்டினப்பாலையில் கரிகாலன் ‘குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று வருகிறான். குளத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை அவன். கன்னடத்தில் தோண்டுவதைத் தோடு என்பார்கள், மலையாளத்தில் தோண்டுக. தொடு, தோடு, தோண்டு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதுதான் என் எண்ணம். வேர்ச்சொல் ஆய்வு தெரியாதவன் பேசுகிறான் என்று சண்டைக்கு வருவோர் வரலாம். நான் பட்டம் வாங்கியது கணக்கில்.

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டி. யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருந்தேன். அதில் ‘தொட்டணைத்து’ என்று மூன்று சுழி ணகரம் விழுந்திருந்தது. நான் இரண்டு கைகளையும் விரித்து, “தொட்டு அணைத்தால் ஊறும் மணற்கேணி” என்று முழங்கினேன். அரங்கம் சிரித்தது. நடுவராக வந்திருந்த புலவர் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பிக்கு எந்த ஊர்?” என்றார். பரமக்குடி என்றேன். “வைகையில் ஊற்றுத் தோண்டியதே இல்லையா?”

தோண்டாமல் என்ன! சித்திரை வந்தால் அதுதானே எனக்கு வேலை. முழங்கை ஆழம் வரை கையாலேயே மணலைப் பறிக்க வேண்டும். குழியை அகலமாக எடுக்காவிட்டால் ஓரம் சரிந்து மூடிவிடும். முதலில் ஈரம், பிறகு கலங்கல். அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த நீர் கசிந்து நிற்கும். அரைக்குடம் நிறைவதற்குள் ஊறுவது நின்றுவிடும். இன்னும் ஒரு சாண் பறித்தால் மறுபடி ஊறும். குறளை நகக்கண்ணில் வைத்துக்கொண்டுதான் அந்த மேடையில் அப்படி உளறியிருக்கிறேன். ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் கிண்ணம் கிடைத்தது. அம்மா அதில் உப்பு போட்டு வைத்திருந்தாள்.

அகழ் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அகழி, அகழாய்வு என்று அது இன்றும் வழக்கில் இருக்கிறது. தொடு மட்டும் இந்தப் பொருளில் ஏட்டோடு நின்றுவிட்டது. எங்கள் வைகைக் கரையில் கீழடியில் உறைகிணறுகளைக் கண்டெடுத்தபோது, அன்று தொட்ட கிணற்றை இன்று அகழ்ந்து எடுத்தார்கள் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் தோண்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிணறு வெட்டுவோம், குழி தோண்டுவோம், கண்மாய் தூர் வாருவோம், போர் போடுவோம். ‘ஆழ்துளைக் கிணறு தோண்டினர்’ என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏதோ நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கியதுபோல!

மணலுக்கு ஆகும் வினை வேறு. அதை அள்ளுவார்கள். நாங்கள் ஊற்றுப் பறித்த இடத்தில் லாரி லாரியாக அள்ளிய பிறகு களிமண் தெரிகிறது, அதில் சீமைக் கருவேலம் நிற்கிறது. போன கோடையில் என் மகனுக்கு இந்தக் குறளை விளக்க அங்கே கூட்டிப் போனேன். கையால் பறிக்க முடியவில்லை. கடப்பாரை எடுத்து வரட்டுமா என்று கேட்டான்.