தி சவுண்ட் ஆஃப் மியூசிக் படம் ஏன் இன்னும் சலிக்கவில்லை?

1965இல் வந்த படத்தை இன்றைக்கும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்களே, பாட்டுகள் மட்டும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டுகள் பெரிய காரணம்தான். ஆனால் அவை கதையை நிறுத்திவிட்டு வருவதில்லை, கதையே அவற்றில்தான் நகர்கிறது.

மனைவியை இழந்த முன்னாள் கடற்படைக் கேப்டன், ஏழு பிள்ளைகளையும் விசில் ஊதிக் கூப்பிடுகிறவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மரியாவோடு சண்டை போட்டு, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பிள்ளைகள் பாடுவது கேட்கிறது. உள்ளே போகிறார், தயங்கித் தயங்கி அவரும் சேர்ந்து பாடுகிறார். பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரின் முகம் அங்கே இளகுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பாடும் குரல் வேறொருவருடையது என்று தெரிந்த பிறகும் அப்படித்தான்.

'டோ ரே மி' பாட்டு மலைச்சரிவில் கிட்டாரோடு தொடங்கி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரைச் சுற்றி, மிராபெல் தோட்டத்துப் படிக்கட்டில் முடிகிறது. சுரம் ஏற ஏற மரியாவும் பிள்ளைகளும் படியேறுகிறார்கள். சுரம் என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் கண்ணாலேயே புரிந்துவிடும்.

அப்புறம், படம் முழுக்க இனிப்பு இல்லை. 1938இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும், நாஜிக் கடற்படையில் சேரச் சொல்லி கேப்டனுக்கு உத்தரவு வருகிறது. குடும்பமே வீட்டை விட்டு ஓட வேண்டியதாகிறது. சின்ன வயதில் பாட்டுக்காகப் பார்த்தவர்களுக்கு, வளர்ந்து மறுபடி பார்க்கும்போது இந்தப் பகுதிதான் கனக்கிறது.