வாவியோரம் ஓர் இலக்கிய நடை: கேட்டவையும் சொன்னவையும்

மட்டக்களப்புப் பக்கம் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தரின் ஊர்களை நடந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு வந்ததும் ஆளுக்கொரு கேள்வி போட்டார்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் இந்த வழியே பல தடவை கூட்டிப் போனவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சேர், நடையை எங்கிருந்து தொடங்கலாம்? (ஏறாவூர்)

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் தொடங்குங்கள். முதல் இடம் புனித மைக்கேல் கல்லூரி. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பொடியன், கல்முனையில் படித்துவிட்டு இங்கேதான் வந்து சேர்ந்தார். அவர்தான் பிற்பாடு விபுலாநந்தர். அப்புறம் ஒல்லாந்தர் கோட்டை. கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) நெடுங்காலம் இயங்கிய இடமென்பதால் நம்மில் பலருக்கு அது கையெழுத்து வாங்கப் போன கட்டடமாகவே நினைவில் இருக்கும். ஒருதரம் கொத்தளத்தில் ஏறி வாவியைப் பாருங்கள். பிறகு பாலம் கடந்து கோட்டைமுனைப் பக்கம் வந்து, அரசடியால் கல்லடிப் பாலத்துக்குப் போகலாம்.

பின்னேரம் நாலு மணிக்கு முன்னர் புறப்பட வேண்டாம். வெயில் மண்டையைப் பிளந்தால் கவிதை காதில் ஏறாது.

வாவியில் மீன் பாடுவதைக் கேட்க முடியுமா? எல்லாரும் சொல்கிறார்கள், கேட்டவரைத்தான் காணோம். (கொழும்பு)

கேட்டவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, இரவில் வள்ளத்தில் போய்க் கேட்டதைத் தன் இலங்கை நூலில் விரிவாகவே சொல்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுகிற நாதம் போல இருந்ததாம். மெல்லியதும் கனத்ததுமாகப் பல ஒலிகள் தனித்தனியே கேட்டனவாம். இது ஊரிச் சிப்பியின் சத்தம் என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். பெயர் மட்டும் மீனுக்குப் போய்விட்டது.

விபுலாநந்தர் இதே வாவியில் நீரரமகளிர் (நீரில் வாழும் தெய்வப் பெண்கள்) பாடுவதாகக் கற்பனை செய்தார். அதை வெறும் அழகுக்காகச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து போன நிலையில், சிலப்பதிகாரத்தையும் கணக்கையும் வைத்து அதன் சுரங்களை மீட்டெடுக்கப் பதினாலு வருடம் உழைத்தவர். 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19இல், காலமானார். சுரத்தை எண்ணாகக் கணக்கிடத் தெரிந்த ஒருவர், தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒலியைக் கேட்டால் சும்மா இருப்பாரா?

சரி, நீங்கள் கேட்க வேண்டுமென்றால் ஏப்ரலுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், நிலவு காலத்தில், காற்றில்லாத இரவில் வாருங்கள். வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். பாலத்தில் நின்றால் மோட்டார் சைக்கிள்தான் பாடும். கேட்குமென்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். யாராவது தந்தால் அவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

பழைய கல்லடிப் பாலம் இன்னும் இருக்கிறதா? (ரொறன்ரோ)

இருக்கிறது. பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போகின்றன. லேடி மானிங் பாலம் என்ற பழைய இரும்புப் பாலத்தில் நடையாகப் போங்கள்.

விபுலாநந்தரின் சமாதிக்கு உள்ளே போகலாமா? அங்கே என்ன பார்ப்பது? (வாழைச்சேனை)

பாலம் இறங்கினால் கல்லடி உப்போடை. சிவானந்தா வித்தியாலயம் அவர் வளர்த்த பாடசாலை. அந்த வளவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பாடசாலை நாளென்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சமாதியில் 'வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ' பாடல் பொறித்திருக்கிறது. கடவுளுக்கு உகந்த பூ எது என்று கேட்டு, உள்ளக் கமலம் என்று முடிகிற பாட்டு. நாம் என்ன செய்கிறோம்? அதற்கு நேர் கீழே மாலையைக் குவித்துவிட்டு, வரிசையாக நின்று போட்டோ எடுக்கிறோம்! மாலை வேண்டாம். யாராவது ஒருவர் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். இந்த நடை முழுக்கக் காதுக்கானது என்பது என் கட்சி. பார்க்க வேண்டிய கட்டடம் குறைவு, கேட்க வேண்டியது நிறைய.

நேரம் இருந்தால் கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கும் போங்கள். 2004 ஆழிப்பேரலையில் சரிந்த கோபுரம் அங்கேதான்.

சேர், எல்லாம் ஒரு சுவாமியைச் சுற்றியே போகிறதே. எங்கட ஆக்கள் எழுதவில்லையா? (காத்தான்குடி, ஓர் ஆசிரியை)

நியாயமான கேள்வி, தங்கச்சி. அதற்கு இரண்டாம் நாள் வேண்டும், பஸ்ஸும் வேண்டும். கல்முனைப் பாதையில் யன்னலோரம் இருங்கள். களுவாஞ்சிக்குடி, கல்லாறு தாண்டியதும் பெரியநீலாவணை: கவிஞர் நீலாவணனின் ஊர், 'வேளாண்மை' என்று வயல் வாழ்வையே காவியமாக்கத் தொடங்கியவர். 1975இல், நாற்பத்துச் சொச்சம் வயதில் போய்விட்டார். அடுத்தது மருதமுனை. தறிச் சத்தத்துக்குப் பெயர்போன ஊர் புலவர்மணி ஷரிபுத்தீனையும், ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சுமந்த மருதூர்க்கொத்தனையும் தந்தது. பாண்டிருப்பு வந்தால் சிறுகதையாளர் உமா வரதராஜன். கல்முனைப் பக்கம் கவிஞர்கள் நுஃமானும் சோலைக்கிளியும். சாய்ந்தமருது கடந்தால் காரைதீவு, திரும்ப விபுலாநந்தரின் பிறந்த மண். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்தச் சின்னத் துண்டு வீதியில் இத்தனை எழுத்துக்காரர்! இலங்கையில் இதற்கு இணையான பஸ் பயணம் எனக்குத் தெரியாது. கண்டக்டர் மட்டும் இதைச் சொல்ல மாட்டார்.

நாவல் எதையாவது கையில் வைத்துக்கொண்டு போகலாமா? (அக்கரைப்பற்று)

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! விமல் குழந்தைவேலின் 'கசகறணம்'. அக்கரைப்பற்றுச் சந்தையில் ஒன்றாகக் கடை விரித்த தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்து போகும் கதை, ஊர்ப் பேச்சிலேயே. வெளியூர் வாசகர் முதல் சில பக்கங்களில் திணறுவார்கள். நீங்கள் திணற மாட்டீர்கள். சந்தைக்குள் நடந்தபடி வாசிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை, காரணம் இரண்டு: கூட்டம் ஒன்று, மற்றது அந்தக் காயம் அங்குள்ள சிலருக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் வாசித்து முடித்துவிட்டுப் போங்கள். மரக்கறி வாங்குங்கள். கதை கேட்டு ஆட்களைத் துருவ வேண்டாம்.

மழைக்காலத்தில் வரலாமா? (வவுனியா)

நவம்பர், டிசம்பர் வேண்டாம். வாவியே வீதிக்கு வரும்.

பின்னணிக்கு எதை வாசிப்பது? புத்தகங்கள் கிடைக்குமா? (பேராதனை மாணவர்)

வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964. ஊர், கோயில், கூத்து, பேச்சு என்று எல்லாம் அதில் உண்டு, தம்பி. கோட்டை காலத்துக்கு முந்திய கதைகளுக்கு எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்'. ஆனால் அதைச் சரித்திரமாக எடுக்காமல், மரபுக் கதையாக வாசியுங்கள். கடையில் தேடி அலையும் முன் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைப் பாருங்கள். ஈழத்து நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். வேண்டிய பக்கங்களை முதல் நாளே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். எழுத்துப் பெரிதாக வேண்டிய என் வயதுக்காரர் யாரும் கூட வந்தால், அச்செடுத்த தாளும் இரண்டு கொண்டு வாருங்கள்.