பதிவு இல்லை என்றால் பாலிசியே இல்லையா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். 2005-ல் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கடன் நிறுவனத்தில் 8,000 பவுண்ட் கடன் வாங்கினேன். இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். 2010-ல் கடனை அடைத்துவிட்டேன். 2019 ஜூலையில் பிபிஐ (வேலை போனாலோ உடல்நலம் கெட்டாலோ கடன் தவணையைக் கட்டும் அந்த இன்சூரன்ஸ்) பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, உங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். போன மாதம் பழைய கோப்பில் என் வங்கி ஸ்டேட்மெண்ட் கிடைத்தது. அதில் 8,000 வந்ததும், பிறகு மாதம் 197 போனதும் இருக்கிறது, வேறு காகிதம் இல்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முதலில் அந்த ஸ்டேட்மெண்டை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள், உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பதிவு இல்லை என்றால் நாங்கள் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள், பாலிசி விற்கவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ பேர் அந்த ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 197 வீதம் 60 மாதத்துக்கு 11,820 பவுண்ட். வட்டி எட்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 8,000-க்கு மாதத் தவணை ஏறக்குறைய 164தான் வரும். மீதி 33 பவுண்ட் எதற்கு? அதே வட்டிக்கு 9,600 கடன் வாங்கியிருந்தால் தவணை சரியாக 197 வருகிறது. அதாவது 1,600 பவுண்ட் பிரீமியத்தை மொத்தமாகக் கடனில் ஏற்றி, அதற்கும் சேர்த்து உங்களிடம் வட்டி வாங்கியிருக்கலாம். ஒற்றைப் பிரீமியம் என்று சொல்லப்பட்ட அந்த முறையில் தனிநபர் கடனுக்கு விற்பது 2009-ல்தான் நின்றது. வட்டி எனக்குத் தெரியாது, உங்களுக்கு நினைவிருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இது முழு ஆதாரம் ஆகாது, ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை அவர்கள் முன்னால் வைக்கும். நீங்கள் சொந்தத் தொழில் செய்தவர் என்பதும் முக்கியம், ஏனென்றால் இந்தப் பாலிசிகள் பலவற்றில் வேலையிழப்புக்கான பகுதி சுயதொழில் செய்பவர்களுக்குச் சரியாகப் பயன்படாது, எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்னதும் தவறு.

அடுத்து, கடன் நிறுவனத்திடம் உங்களைப் பற்றிய தகவல் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குக் கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வரவேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இப்போதைய முகவரியை மட்டும் கொடுப்பார்கள், கணினியில் ஒன்றும் சிக்காது. 2005-ல் குடியிருந்த வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, அன்று பெயரை எப்படி எழுதினீர்களோ அந்த எழுத்துக்கள், தவணை போன கணக்கு எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்டேட்மெண்டில் தவணைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும், பெரும்பாலும் அதுவே கடன் எண்ணாக இருக்கும். நிறுவனம் கைமாறியிருந்தால் புதிய உரிமையாளரிடமும், இன்சூரன்ஸ் கம்பெனி எது என்று தெரிந்தால் அவர்களிடமும் இதே போலக் கேளுங்கள். கிரெடிட் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், அடைத்த கடன் ஆறு ஆண்டுகளில் அதிலிருந்து போய்விடும்.

இனி காலக்கெடு. பிபிஐ புகாருக்கான கடைசி நாள் 29 ஆகஸ்ட் 2019. நீங்கள் ஜூலையிலேயே கேட்டுவிட்டீர்கள், அது உங்களுக்கு நல்லது. அந்தப் பழைய பதில் கடிதத்தைத் தேடி எடுங்கள். ஆறு மாதத்துக்குள் நிதி ஆம்பட்ஸ்மேனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு) போகலாம் என்று அதில் எழுதியிருந்தால் அந்த வழி பெரும்பாலும் மூடிவிட்டது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஆறு மாதம் ஓடத் தொடங்கவே இல்லை என்று நீங்கள் வாதாடலாம், உடனே ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். எப்படி இருந்தாலும் புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது, பழைய புகாரைத் திறந்து பாருங்கள் என்று நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். கேட்பதால் எதுவும் குறைந்துவிடாது.

நீதிமன்ற வழியும் இருக்கிறது. 2014-ல் பிளெவின் வழக்கில், பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகப் போனதைச் சொல்லாமல் மறைத்தது நியாயமற்றது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் பாட்டர் வழக்கு வந்தது, அதுவும் உங்களுடையதைப் போல 2010-ல் முடிந்த கடன்தான். கமிஷன் 95 சதவீதத்துக்கு மேல். வேண்டுமென்றே மறைத்ததால், தெரிய வந்த நாளிலிருந்துதான் ஆறு ஆண்டுக் கணக்கு என்று தீர்ப்பானது. ஆனால் 2019-லேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும், அந்த ஆறு ஆண்டு ஏற்கெனவே கடந்திருக்கவும் கூடும். அதனால் தகவல் கேட்ட பதிலுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ காட்டிவிடுங்கள்.

அப்புறம், உங்கள் பிபிஐ பணம் தயாராக இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது போன் செய்தால் அது மோசடி, உடனே வைத்துவிடுங்கள்.