மீன்தொட்டி வாழைச்செடியின் காய் அழுகுவது ஏன்?

கேள்வி: என் 2 அடி நன்னீர் மீன்தொட்டியில் வைக்க வாழைச்செடி ஒன்று வாங்கினேன். மிதந்துகொண்டே இருந்ததால், வாழைக்காய் போல இருக்கும் அடிப்பகுதியைச் சரளைக்குள் நன்றாகப் புதைத்துவிட்டேன். மூன்று வாரத்தில் இரண்டு காய்கள் பழுப்பாகிக் கொழகொழத்துவிட்டன. பழைய இலைகள் மஞ்சளாகின்றன. ஒரே ஓர் இலை மட்டும் நீளக் காம்போடு மேலே போய் மிதக்கிறது. அதை வெட்டிவிடலாமா? செடி பிழைக்குமா?

பதில்: பெரும்பாலும் பிழைத்துவிடும். முதலில் அதைச் சரளையிலிருந்து வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தச் செடியின் தாவரவியல் பெயர் நிம்ஃபாய்டிஸ் அக்வாட்டிகா. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில், ஓட்டம் குறைந்த ஆழமில்லாத நீர்நிலைகளில் வளர்வது. வாழைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. காய் என்று நாம் சொல்வதும் காய் அல்ல. மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துத் தடித்துப்போன வேர்கள். செடி புது இடத்தில் காலூன்றும் வரை இந்தக் கையிருப்பை வைத்துத்தான் காலம் தள்ளும். செடியைப் பிடித்து நிறுத்துவதும் மண்ணிலிருந்து சத்து எடுப்பதும், அந்தக் காய்க்கொத்திலிருந்து பிற்பாடு கிளம்பும் மெல்லிய வேர்கள். காய்களைக் காற்றோட்டமில்லாத சரளைக்குள் முழுக்கப் புதைத்தால் அவை அழுகும். உங்கள் தொட்டியில் நடந்திருப்பதும் அதுவாகத்தான் தெரிகிறது.

எடுத்தவுடன் ஒவ்வொரு காயையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தாலும் விட்டுவிடலாம். அழுத்தினால் நசுங்குகிறது, நாற்றம் வருகிறது என்றால் சுத்தமான பிளேடால் நல்ல பகுதி வரை நறுக்கி எறியுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பக்கத்துக் காய்க்கும் பரவும். அழுகும் பொருள் தொட்டியில் கிடந்தால் அம்மோனியாவும் ஏறும், அது மீன்களுக்கு ஆபத்து. மஞ்சளான இலைகளையும் காம்போடு அடியில் கிள்ளிவிடுங்கள், அவை மறுபடி பச்சையாகப் போவதில்லை.

பிறகு செடியைச் சரளையின் மேல் சும்மா உட்கார வையுங்கள். காய்களின் நுனி கொஞ்சம் பதிந்தால் போதும். கால்பங்குக்கு மேல் உள்ளே போக வேண்டாம். மிதந்து எழுந்தால் இரண்டு கூழாங்கற்களுக்கு நடுவே செருகலாம், அல்லது பருத்தி நூலால் ஒரு சின்னக் கல்லோடு தளர்வாகக் கட்டலாம். ஈயப் பட்டையைச் சுற்றி இறுக்குவது எனக்குப் பிடிக்காத வழி, காய் நசுங்கும் இடத்தில் அழுகல் தொடங்கிவிடும். எதற்கும் அடங்காமல் மிதந்தால் சில நாள் மிதக்கவே விடுங்கள். வேர் நீண்டதும் அதை மட்டும் சரளையில் செருகினால் சரி. ஃபில்டரின் தண்ணீர் நேராக வந்து மோதும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இனிமேல் செடி தேறுகிறதா என்று பார்க்கப் பழைய இலைகளைப் பார்க்காதீர்கள், காய்க்கொத்தின் தலையைப் பாருங்கள். அங்கே சுருண்ட புதுத் துளிர் வந்தால் கவலையை விடலாம். பிழைத்த செடியிலும் காய்கள் நாளாக நாளாகச் சுருங்கலாம். வேர் பிடித்து இலைகள் வந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் கையிருப்பு செலவாகிறது என்று அர்த்தம், நோய் இல்லை.

மிதக்கும் அந்த ஒற்றை இலையை இப்போது வெட்ட வேண்டாம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக எடுத்துக்கொள்ளும் இலை அது. நொந்திருக்கும் செடிக்கு அதுதான் பெரிய வருமானம். செடி தேறி, நீருக்குள் நாலைந்து இலைகள் வந்தபின், தொட்டிக்குள்ளேயே புதர்போல அடர்ந்து நிற்க வேண்டுமென்றால், மேலே கிளம்பும் காம்புகளை அடியில் நறுக்கிவிடுங்கள். வெள்ளைப் பூ பார்க்கும் ஆசை இருந்தால் இரண்டு மூன்றை விட்டுவையுங்கள். ஆனால் மிதக்கும் இலைகள் கூடினால் கீழே உள்ள செடிகளுக்கு நிழல் விழும்.

வெளிச்சம் மிதமாக, ஒரு நாளைக்கு 7 முதல் 8 மணி நேரம் போதும். மெதுவாக வளரும் செடி என்பதால், லைட்டைக் கூட்டினால் இலையில் பாசி படிவதுதான் மிச்சம். வெப்பநிலை 20 முதல் 28 டிகிரி, தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6 முதல் 7.5 வரை இருந்தால் பெரிதாகக் குறை சொல்லாது. வெறும் சரளையில் சத்து இருக்காது. வேர் இறங்கியபின் பக்கத்தில் ஒரு வேர் உர மாத்திரையைப் புதைத்தால் நல்லது. இதற்கு எதுவுமே தேவையில்லை, போட்டால் வளரும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கையிருப்பு தீரும் வரை அது உண்மைபோலத்தான் தெரியும்! புது இலைகளே வெளிறி வந்தால் இரும்புச்சத்துக் குறைவு, பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகிக்கொண்டே போனால் நைட்ரஜன் அல்லது பொட்டாசியம் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

என்னென்ன மீன்கள் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கப்பி, டெட்ரா போன்றவற்றால் தொந்தரவு இல்லை. கோல்டு ஃபிஷ் இலையைத் தின்னும், ஆஸ்கார் போன்ற பெரிய சிக்லிட் வகை மீன்கள் செடியையே பெயர்த்துவிடும்.

இவ்வளவு செய்தும் அழுகல் தலைப்பகுதி வரை ஏறிவிட்டால், அந்த மிதக்கும் இலையைக் கொஞ்சம் காம்போடு வெட்டித் தண்ணீரின் மேல் போட்டுவையுங்கள். இலையும் காம்பும் சேரும் இடத்திலிருந்து வேரும் குட்டிச்செடியும் கிளம்பும். நல்ல செடியையும் இதே வழியில் பெருக்கலாம். குட்டிக்கு வேர் நீளும் வரை தொடாதீர்கள். செடிகள் மிஞ்சிப்போனால் மீன் வளர்க்கும் யாருக்காவது கொடுங்கள், அல்லது காயவைத்துக் குப்பையில் போடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள்.