மேல சொல்லிட்டா முடிஞ்சுதா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் விவகாரம் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். சின்னப் பசங்ககிட்ட பாலியல் கொடுமை பண்ணது அந்த டீமோட பழைய அசிஸ்டன்ட் கோச் சாண்டஸ்கி. ஹெட் கோச் ஜோ பட்டேர்னோ விஷயம் காதுக்கு வந்ததும் மேலிடத்துல சொல்லிட்டாரு. 46 சீசன் டீமை நடத்தின மனுஷனை 2011 நவம்பர்ல ஒரே ராத்திரில ஃபோன்லயே வேலையை விட்டுத் தூக்கினது நியாயமா? என் பொண்ணு இங்க பெங்களூர்ல பியூ காலேஜ் (நம்ம ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி) டீம்ல பாஸ்கெட்பால் ஆடறா, அவ கோச்சும் தங்கமான மனுஷன், அதான் கேக்கறேன்.

கே., அல்சூர்

அன்புள்ள கே.,

ஃபோன்ல சொன்ன விதம் தப்பு, நேர்ல கூப்பிட்டு சொல்லியிருக்கணும். ஆனா தூக்கினது சரிதான்.

2001 பிப்ரவரில ஒரு ஜூனியர் கோச்சிங் அசிஸ்டன்ட், லாக்கர் ரூம் ஷவர்ல சாண்டஸ்கி ஒரு சின்னப் பையனோட இருந்ததைப் பார்த்துட்டு மறுநாள் காலைல பட்டேர்னோ வீட்டுக்கே போய் சொல்றாரு, பட்டேர்னோ அதை யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறைத் தலைவரான அத்லெடிக் டைரக்டர்கிட்ட சொல்றாரு, சரி, அதுக்கப்புறம்? போலீசுக்கு யாரும் போகல. அந்தப் பையன் யாரு, எப்படி இருக்கான்னு தேடிக்கூட பார்க்கல. அந்த ஊர்ல பட்டேர்னோ ஒரு வார்த்தை சொன்னா யுனிவர்சிட்டியே எழுந்து நிக்கும், அப்படிப்பட்டவர் "சொல்லிட்டேன்"னு ஒதுங்கிக்கிட்டா கீழ இருக்கறவன் என்ன பண்ணுவான்?

விசாரணைல வெளிவந்த ஈமெயில்களைப் படிச்சப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. முதல்ல குழந்தைகள் நலத்துறைக்கு சொல்றதாத்தான் இருந்தாங்க, அப்புறம் டைரக்டர் பட்டேர்னோகிட்ட பேசினதுக்கப்புறம் மனசு மாறி, சாண்டஸ்கிகிட்டயே பேசிக்கலாம்னு எழுதறாரு. யுனிவர்சிட்டி பிரசிடென்ட் ஸ்பேனியர் அதுக்கு சரின்னுட்டு, அவன் கேக்கலைன்னா ரிப்போர்ட் பண்ணாததுக்கு நாம மாட்டிக்குவோமேங்கற மாதிரி கவலைப்படறாரு. அந்தக் குழந்தையைப் பத்தின கவலையை அங்க காணோம். சாண்டஸ்கி மேல 45 குற்றம் நிரூபணமானது 2012ல, நடுவுல 11 வருஷம் போயிடுச்சு. ஸ்பேனியர், டைரக்டர், இன்னொரு அதிகாரி மூணு பேருமே பின்னாடி ஜெயிலுக்குப் போனாங்க.

நம்ம ஊர் சட்டமும் இதுல கறார்தான். பியூ காலேஜ் பசங்கன்னா பெரும்பாலும் 18 ஆகாதவங்க, அதனால போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லேர்ந்து காக்கற சட்டம், வரும். தெரிஞ்சும் போலீசுக்கு சொல்லாம விட்டாலே குற்றம், அதுவும் தனக்குக் கீழ வேலை பார்க்கறவன் பண்ணதை நிறுவனத்தோட தலைமைல இருக்கறவர் மறைச்சா 1 வருஷம் வரைக்கும் ஜெயில். மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் போட்டேன், அவங்க பார்த்துப்பாங்கன்னு பிரின்சிபால் தப்பிக்க முடியாது.

உங்க பொண்ணோட கோச் நல்லவராவே இருக்கட்டும், நான் சந்தேகப்படல. ஆனா பட்டேர்னோவையும் ஊரே தங்கம்னுதான் சொல்லுச்சு, அவரை நீக்கின அன்னைக்கு ஸ்டூடன்ட்ஸ் தெருவுல இறங்கி டிவி சேனல் வேனையே கவுத்தாங்க. ஒருத்தரோட நல்ல குணத்தை நம்பி பிள்ளைங்களை அனுப்பறது போதாது.

அடுத்த டோர்னமென்ட்டுக்கு மைசூர், ஹூப்ளின்னு டீம் கிளம்பறதுக்கு முன்னாடி பிரின்சிபாலைப் போய்ப் பாருங்க. பொண்ணுங்க கூட எந்த லேடி ஸ்டாஃப் போறாங்க, ராத்திரி எங்க தங்கறாங்க, கோச் மேலயே புகார்னா யார்கிட்ட கொடுக்கணும், கொடுத்தா எத்தனை நாள்ல பதில் வரும்னு கேளுங்க. மழுப்பினா எழுத்துல கேளுங்க, மத்த அப்பா அம்மாங்களோட கையெழுத்தும் சேர்த்து வாங்கிக்கோங்க.